சைக்கிளில் வேலைக்குப் போக என்ன உடுப்பு வேண்டும்? மலிவு விலைப் பேரங்காடியில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

காலை மணி ஆறே கால். லாபு பக்கம் ஒரு தோட்டம். வெளியே இன்னும் கும்மிருட்டு. உங்களுக்கு நீலாய் தொழிற்பேட்டையில் வேலை. அதற்கு முன் கொமுட்டர் நிலையம் வரை ஐந்தாறு கிலோமீட்டர் போயாக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே மோட்டார். அதை அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூலையில் ஒரு சைக்கிள் நிற்கிறது.

"சரி, இன்னிக்கு சைக்கிள்லயே போயிடலாம்" என்று கிளம்புகிறீர்கள். முதல் நாள் ஜாலியாகத்தான் இருக்கும். மூன்றாவது நாள் தொடை உரசி எரியும். ஐந்தாவது நாள் பருத்தி டி-ஷர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டு, நிலையம் போய்ச் சேரும்போதே ஒரு வேலை நாள் முடிந்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது வாரம் செம்பனை லாரி ஒன்று உங்களைக் கடைசி நொடியில் பார்த்து ஹாரன் அடிக்கும். அதோடு சைக்கிள் திரும்பவும் மூலைக்குப் போய்விடும்.

பலருக்கு நடப்பது இதுதான். சைக்கிள் சரியாக இருக்கும், உடம்பிலும் தெம்பு இருக்கும். போட்டிருக்கும் உடுப்புதான் காலை வாரிவிடும்.

சரியான உடுப்பு என்று தேடிப் பார்த்தால் ஜெர்சி ஒன்று 200 ரிங்கிட், ஷார்ட்ஸ் அதைவிடக் கூட என்று வருகிறது. அதே நேரம், மாதச் சாமான் வாங்கப் போகும் பேரங்காடியில், பிஸ்கட் வரிசைக்கும் பக்கெட் வரிசைக்கும் நடுவில், விளையாட்டு டி-ஷர்ட், கைமூடி, மழைக்கோட்டு, பளபளக்கும் சேஃப்டி வெஸ்ட் எல்லாம் குறைந்த விலையில் தொங்குகின்றன. இவற்றை நம்பி வாங்கலாமா? எதில் காசு போடணும், எதில் போடக்கூடாது? பார்ப்போம்.

தோட்டமும் சைக்கிளும்: இது புதுக் கதையா?

இல்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சைக்கிள் ஒரு காலத்தில் வீட்டுச் சாமான் மாதிரி. விடியும் முன் பெரட்டுக்குப் போவதற்கும், பால் வாளியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வருவதற்கும், சம்பள நாளில் பட்டணம் போய் வருவதற்கும் அதுதான் வாகனம். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கனத்த இரும்பு சைக்கிளின் பின் கேரியர் எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டுவார்.

பிறகு மோட்டார் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்ட நிலங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இன்று தோட்டத்தில் வீடு இருந்தாலும், இளைஞர்கள் பலருக்கு வேலை இருப்பது நீலாய், செனவாங், சிரம்பான் பக்கம். லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கு நடந்து போன தூரம் இப்போது பேருந்து நிறுத்தம் வரை, கொமுட்டர் நிலையம் வரை, தொழிற்சாலை வாசல் வரை நீண்டுவிட்டது.

நீலாய், லாபு, திரோய், சிரம்பான், செனவாங், சுங்கை காடுட், ரெம்பாவ் என்று இந்த மாநிலத்தில் கொமுட்டர் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான அந்தக் கொஞ்ச தூரம்தான் பலருக்கும் தலைவலி. நடந்தால் ஒரு மணி நேரம். சைக்கிளில் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

சம்பளத்தை வைத்து ஒரு கணக்கு

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 காசு. அப்படியென்றால் 200 ரிங்கிட் ஜெர்சி என்பது மூன்று நாள் உழைப்பு. போகவர மிச்சம் பிடிக்கத்தான் சைக்கிளை எடுத்தீர்கள். அந்த மிச்சத்தை உடுப்புக்கே கொட்டிவிட்டால் என்ன அர்த்தம்?

அதற்காக இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்துவிட்டால் லாபம் என்றும் சொல்ல முடியாது. ஒரு பேச்சுக்குச் சொல்வோம். 15 ரிங்கிட் ஷார்ட்ஸ் ஒன்று வாங்குகிறீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டி, இரண்டே மாதத்தில் தையல் விட்டுப்போகிறது. சுமார் 25 பயணம் வந்திருக்கும். ஒரு பயணத்துக்கு 60 காசு செலவு. 40 ரிங்கிட் ஷார்ட்ஸ் ஒரு வருடம் தாங்கினால் 150 பயணம். ஒரு பயணத்துக்கு 27 காசுதான். விலைச்சீட்டில் இருக்கும் எண்ணைவிட இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். எத்தனை தடவை போடப்போகிறோம், எத்தனை தடவை தாங்கும் என்று கேட்டுப் பழகுங்கள்.

மலிவுப் பேரங்காடியில் சைக்கிள் உடுப்பு: வெளிநாட்டில் என்ன நடக்கிறது?

ஜெர்மனியில் பிறந்த ஆல்டி, லிடில் என்ற இரண்டு மலிவு விலைப் பேரங்காடிகள் இதில் பேர் போனவை. பாலும் ரொட்டியும் விற்கும் அதே கடையில், குறிப்பிட்ட வாரங்களில் மட்டும் சைக்கிள் ஷார்ட்ஸ், ஜெர்சி, கையுறை, மழைச்சட்டை எல்லாம் குவித்து வைப்பார்கள். ஆல்டியில் 'கிரேன்', லிடிலில் 'கிரிவிட்' என்பவை அவர்களுடைய சொந்த விளையாட்டு முத்திரைகள். சரக்கு தீர்ந்தால் அவ்வளவுதான், அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் வேலைக்கு சைக்கிள் ஓட்டுகிற பலருக்கு முதல் பேட் வைத்த ஷார்ட்ஸ் அங்கே வாங்கியதுதான்.

விலை எப்படிக் குறைகிறது? பெரிய விளம்பரம் இல்லை, போட்டி வீரர்களுக்குக் கொடுக்கும் காசு இல்லை, மொத்தமாக ஒரே மாதிரி தைக்கிறார்கள், நிறமும் அளவும் குறைவு. துணி ரொம்ப மோசம் என்பதால் அல்ல.

நம் ஊரில் ஆல்டியும் லிடிலும் இல்லை. மைடின், லோட்டஸ், இகோன்சேவ், ஜயண்ட் மாதிரியான பேரங்காடிகளும், ஹார்ட்வேர் கடைகளும், பசார் மாலாமும், பண்டல் கடைகளும்தான் நமக்கு இருப்பவை. 'சைக்கிள் உடுப்பு' என்று எழுதிய தனி வரிசையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். விளையாட்டு உடுப்பு, மோட்டார் சாமான், ஹார்ட்வேர், உள்ளாடை என்று நாலு வரிசையில் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து போனால் சுலபம்.

பந்தய வீரர் மாதிரி உடுத்த வேண்டுமா?

நீலாயில் தேசிய வெலோட்ரோம் இருக்கிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அதே ஆண்டு கெய்ரின் உலக வெற்றியாளரான அஸிஸுல்ஹஸ்னி அவாங் போடும் தோலோடு தோலாக ஒட்டிய உடுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது காற்றைக் கிழிப்பதற்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் பறப்பவருக்கு, 15 கிலோமீட்டரில் போகும் உங்களைவிடப் பதினாறு மடங்கு எதிர்ப்பு.

உங்கள் வேகத்தில் காற்று ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆகவே ஒட்டிய ஜெர்சிக்கும், பந்தயக் குழுக்களின் பெயர் அச்சடித்த சட்டைக்கும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். உங்களுக்கு மூன்று எதிரிகள்தான்: இருட்டு, உரசல், வியர்வை. இந்த வரிசையிலேயே காசைப் போடுங்கள்.

முதலில் இருட்டு: மற்றவர் கண்ணில் படுவது

நம் நாட்டில் காலை ஏன் இவ்வளவு இருட்டு என்று யோசித்ததுண்டா? 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக இருக்கட்டும் என்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அதனால் சிரம்பான் பக்கம் சூரியன் எழவே ஏழு மணி ஆகிவிடுகிறது. வருடத் தொடக்கத்தில் ஏழரையை நெருங்கும். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் கணிசமான தூரத்தை இருட்டில்தான் ஓட்டுகிறார். தோட்டப் பாதையில் தெருவிளக்கு குறைவு. இரண்டு பக்கமும் செம்பனை நிழல் வேறு.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் பச்சை-மஞ்சள் நிறம் பகலில்தான் வேலை செய்யும். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது அப்படி மின்னுகிறது. இரவில் அந்த மின்னல் கிடையாது. இரவில் உதவுவது சாம்பல் நிறத்தில் இருக்கும் பிரதிபலிப்புப் பட்டைதான். வாகன விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், ஓட்டுநர் கண்ணுக்கு அது பளீரென்று தெரியும். சேஃப்டி வெஸ்டில் இரண்டும் சேர்ந்து இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடையில் பட்டை அசலா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. வெஸ்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். நல்ல பட்டை படத்தில் வெள்ளையாக எரியும். சும்மா சாம்பல் துணி சாம்பலாகவே இருக்கும். ஐரோப்பியத் தர எண் இ.என். ஐ.எஸ்.ஓ. 20471 சீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. சாலைப் பணியாளர்கள் போன்றவர்களின் வெஸ்டுக்கான தரம் அது.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். வெஸ்ட் மட்டும் போட்டவரைவிட, வெஸ்டோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியவரை ஓட்டுநர்கள் எளிதாக அடையாளம் கண்டார்கள். மிதிக்கும்போது கால் மேலும் கீழும் போகிறது. அந்த அசைவைப் பார்த்ததுமே "இது மனுசன், சைக்கிள் ஓட்டுறான்" என்று மூளைக்குப் புரிந்துவிடுகிறது. ஹார்ட்வேர் வரிசையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் இரண்டு கணுக்கால் பட்டைகள்தான் உங்கள் பட்டியலிலேயே மலிவான உயிர்க்காப்பு. பேன்ட் காலைச் சங்கிலியில் மாட்டாமல் இறுக்கிப் பிடிக்கவும் அதுவே உதவும்.

உடுப்பு விளக்குக்கு மாற்று ஆகாது. இரவில் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும் என்பது சாலை விதி. வெஸ்டுக்கு மேல் முதுகுப்பையை மாட்டினால் முதுகுப் பட்டை மறைந்துவிடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பைக்கு மேலே வெஸ்டைப் போடுங்கள், அல்லது பையைக் கேரியரில் கட்டுங்கள்.

இரண்டாவது உரசல்: உட்காரும் இடம்

ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் பேட் வைத்த ஷார்ட்ஸ் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். நடுவில் தடித்த தையல் இல்லாத, உடம்போடு படிந்த உள்ளாடையும் மெல்லிய டிராக் பேன்ட்டும் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நாலு தையல் சேரும் அந்தத் தடித்த முடிச்சு சரியாக இருக்கைக்கு மேலேயே வரும். நனைந்தால் ஒரு நாள் முழுக்கக் காயாது.

தூரம் அதற்கு மேல் போனால், தினமும் போனால், பேட் உதவும். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

பேடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடுவதுபோல் இருந்தால் அது வெறும் ஸ்பாஞ்ச். விட்டதும் சட்டென்று பழைய உருவத்துக்கு வர வேண்டும். பேட் ரொம்பத் தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு நாப்பி கட்டிய மாதிரி நடுவில் மடங்கி அதுவே உரசும்.

உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் தட்டையாக, விரலுக்குத் தட்டாமல் இருக்க வேண்டும். துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். தையல் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு இறுக்கமாக, சுருக்கம் விழாமல் இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பேட் நகரும், நகர்ந்தால் புண்தான். பேட் ஷார்ட்ஸைப் போட்டுப் பார்க்கப் பல கடைகளில் விடமாட்டார்கள். அதனால் இடுப்பு, பிருஷ்டம், தொடை மூன்றையும் வீட்டிலேயே டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். ஒரு முத்திரையில் 'எல்' என்பது இன்னொன்றில் 'எக்ஸ்எல்' ஆக இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பேடின் உருவம் வேறு. மாற்றி வாங்கினால் பலன் இல்லை.

ஒரு விஷயத்தைப் பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள்: பேட் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது. தோலுக்கும் பேடுக்கும் நடுவில் இன்னொரு துணியும் தையலும் வந்தால், எதற்காக வாங்கினோமோ அதுவே கெட்டுப்போகும்.

"அதைப் போட்டுக்கிட்டு லயத்து வழியா எப்படிப் போறது? எல்லாரும் பார்ப்பாங்களே" என்ற கேள்வி வரும். நியாயம்தான். மேலே டிராக் பேன்ட்டோ, முட்டி வரை வரும் சாதாரண ஷார்ட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். பேட் உள்ளே தன் வேலையைச் செய்யும். பஞ்சாபி உடை போடும் பெண்கள் ஷாலைக் கழுத்தில் தொங்கவிடாமல் பைக்குள் வைத்துவிடுங்கள். பின் சக்கரத்தில் ஷால் சிக்கினால் ஆபத்து.

மூன்றாவது வியர்வை: துணிச் சீட்டைப் படியுங்கள்

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சுலபமாக ஆவியாகாது. பருத்தி தோலுக்கு இதம்தான். ஆனால் அது தண்ணீரை நாருக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் 1 விழுக்காடுகூடப் பிடிக்காது. அதனால்தான் பாலியெஸ்டர் சட்டை சீக்கிரம் காய்கிறது.

பேரங்காடியில் தைரியமாக வாங்கலாம் என்று சொல்லக்கூடியது இந்தச் சட்டைதான். மெல்லிய, துளை விட்டு நெய்த பாலியெஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். சைக்கிளுக்கென்று செய்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டால் சரி. பட்மிண்டன் சட்டை, ஃபுட்சால் சட்டை, ஓட்டப் போட்டியில் இலவசமாகக் கொடுத்த சட்டை எதுவும் ஓடும். முதுகு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். குனிந்து ஓட்டும்போது இடுப்பு தெரியாது.

சாயங்காலம் திரும்பும்போது வெயில் இருக்கும். கைமூடி, அதாவது ஹேண்ட்சாக்ஸ், இரண்டு கைக்கும் போதும். சீட்டில் யு.பி.எஃப். 50 என்று இருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு மட்டுமே உள்ளே வரும் என்று அர்த்தம். காலை நேரக் கொசுவுக்கும் அது தடுப்பு.

மழை வந்தால்?

மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல் வாக்கிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். வேலை விட்டு வரும் நேரம்தான் அது. மோட்டாருக்குப் போடும் மழைக்கோட்டு காற்றே விடாது. மிதிக்கும்போது உள்ளே வியர்வையிலேயே நனைந்துவிடுவீர்கள். அகலமாகத் தொங்கும் பொஞ்சோ காற்றில் பறந்து சக்கரத்திலோ கைப்பிடியிலோ மாட்டும்.

குறைந்த தூரத்துக்கு ஒரு யோசனை: நனையட்டும் என்று விட்டுவிடுங்கள். நம் மழை குளிர்நாட்டு மழை இல்லை. பாலியெஸ்டர் உடுப்பு நனைந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பிழிந்து போட்டால் காலையில் காய்ந்திருக்கும். நனையக்கூடாதவை கைப்பேசி, வேலை உடுப்பு, பர்ஸ். அவற்றுக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை போதும். இடி மின்னல் என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள்.

காலுக்கு? 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து தோட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? விலை குறைவு, மிதிகட்டையில் வழுக்காது, சேறு பட்டால் குழாயில் கழுவிவிடலாம். சைக்கிளுக்கென்று தனிச் சப்பாத்து வேண்டவே வேண்டாம்.

பண்டல் கடையும் பசார் மாலாமும்

ஜப்பான், கொரியாவிலிருந்து வரும் பழைய உடுப்புகளைக் குவித்து விற்கும் பண்டல் கடையில் நல்ல முத்திரை ஜெர்சிகள் சில வேளை அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். சட்டை, ஜாக்கெட் தாராளமாக வாங்கலாம். பேட் ஷார்ட்ஸ் மட்டும் பழையது வேண்டாம். சுகாதாரம் ஒரு பக்கம். ஏற்கெனவே அமுங்கிப்போன பேடில் பலனும் இல்லை. பசார் மாலாமில் வாங்கினால், பட்டையை ஃபிளாஷ் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

தலைக்கவசத்தைப் பழையதாக எங்கேயும் வாங்காதீர்கள். ஒரு முறை அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். புதியதில் இ.என். 1078 என்ற சைக்கிள் கவசத் தர எண்ணைத் தேடுங்கள். சட்டையில் மிச்சம் பிடித்த காசு போக வேண்டிய இடம் இது.

துவைப்பதில்தான் ஆயுள்

மலிவு உடுப்பு சீக்கிரம் கெடுவதற்குப் பாதிக் காரணம் துவைக்கும் விதம். பாலியெஸ்டரில் வியர்வை வாடை பிடித்துக்கொண்டால் லேசில் போகாது. வீட்டுக்கு வந்ததும் பையிலேயே சுருட்டி வைக்காமல் அன்றைக்கே அலசிவிடுங்கள். சோஃப்ட்னர் ஊற்ற வேண்டாம். அது நாரின் மேல் படிந்து, துணி வியர்வையை வெளியே கடத்துவதைக் கெடுக்கும். வாடை நின்றுவிட்டால், தண்ணீரில் கொஞ்சம் சுக்கா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள்.

ஷார்ட்ஸ் இழுபடுவதற்குக் காரணம் எலாஸ்டேன் என்ற நார். லைக்ரா என்று நாம் சொல்வது 1958இல் டுபோண்ட் நிறுவனம் கண்டுபிடித்த அந்த நாரின் வணிகப் பெயர். அதற்கு வெப்பம் ஆகாது. கொதிநீர், டிரையர், இஸ்திரிப்பெட்டி மூன்றும் வேண்டாம். பேட் வெளியே தெரியும்படி திருப்பி, நிழலில் காற்றாடக் காயப்போடுங்கள். பேட் ஷார்ட்ஸை ஒவ்வொரு முறையும் துவைத்தாக வேண்டும். அதனால் விலை கூடிய ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதே நல்லது.

கெட்டுப்போனால் என்ன செய்வது?

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கல்லாவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். உங்களுக்கு மனசு மாறியதற்காகக் கடை திரும்ப வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் பொருளிலேயே குறை இருந்தால் கதை வேறு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை உங்களுக்குக் கொடுக்கிறது. ஓர் அறிவிப்பு ஒட்டி அதை ரத்து செய்ய முடியாது.

இரண்டாவது நாளே தையல் பிரிந்தால் ரசீதோடு போய்க் கேளுங்கள். கடை ஒத்துவராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. 40 ரிங்கிட் ஷார்ட்ஸுக்கு அவ்வளவு தூரம் யாரும் போகப்போவதில்லை என்றாலும், உரிமை இருக்கிறது என்று தெரிந்து பேசும்போது பேச்சே மாறும். அதற்கு ரசீது வேண்டும். வெப்பத்தாளில் அடித்த ரசீது அழிந்துவிடும். வாங்கியதுமே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் மாதம் எதை வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதல் வாரம் விளக்கு, வெஸ்ட், கணுக்கால் பட்டை, தலைக்கவசம். வீட்டில் இருக்கும் விளையாட்டு டி-ஷர்ட்டையும் டிராக் பேன்ட்டையும் வைத்தே ஓட்டிப் பாருங்கள். இரண்டு வாரம் போகட்டும். எங்கே வலிக்கிறது, எங்கே நனைகிறது என்று உடம்பே சொல்லும். உட்காரும் இடம் வலித்தால் பேட் ஷார்ட்ஸ் ஒன்று. வெயில் சுட்டால் கைமூடி. சட்டை போதவில்லை என்றால் இன்னொரு சட்டை. வலிக்காத இடத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

வேலையிடத்துக்கு ஒரு சின்னத் துண்டு, மாற்றுச் சட்டை, ஈரத்துணி பொட்டலம் கொண்டு போங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய், வியர்வை அடங்கியதும் துடைத்து மாற்றிக்கொண்டால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் தொந்தரவு இல்லை.

அடுத்த தடவை மாதச் சாமான் வாங்கப் போகும்போது தள்ளுவண்டியை ஹார்ட்வேர் வரிசைப் பக்கமும் ஒரு முறை திருப்புங்கள். கைப்பேசியை எடுங்கள், ஃபிளாஷைப் போடுங்கள். வெள்ளையாக எரியும் பட்டை ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அதை மட்டும் வாங்கி வந்தால்கூடப் போதும். காலை ஆறே காலுக்கு எதிரே வரும் லாரிக்காரர் உங்களைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார்.